அந்த நாண் அறவில்லை, மகள்

மகள், உனக்கு என் ஸலாம். நேரில் சொல்ல வேண்டிய கதையைத்தான் எழுதுகிறேன். இரண்டு கிழமையாக, சிலாபத்திலிருந்து நீ வீட்டுக்கு வருகிற நாட்களில், நான் இதைத் தொடங்கும்போதெல்லாம் நீ "கதைய விடுங்க வாப்பா" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறாய். அங்கே உன் உம்மா இருக்கிறாள். உள்ளே வந்து வாய் கொடுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவீர்கள். கடிதமென்றால் பாதியில் எழும்பிப் போக முடியாது. போனாலும் திரும்பி வந்து வாசிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். இதை வேறு யார் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் நூல் பழுது என்று ஊரறியச் சொல்லியாயிற்று. பழுதில்லை என்பதையும் ஊரறியவே சொல்கிறேன்.

விஷயம் இதுதான். முந்தலிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உன் வில் வெடித்தது. நீ கையால் முறுக்கிய நாண் அறுந்துதான் அப்படி ஆனது என்று அவர்கள் நம்புகிறார்கள். நீயும் ஓம் என்று ஒப்புக்கொண்டு, கலியாணத்துக்குப் பிறகு நாண் முறுக்குவதில்லை, வில்லையும் தொடுவதில்லை என்று சொல்லியனுப்பிவிட்டாய். அந்த நாண் அறவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடக்காத ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு நீ ஒரு வீட்டுக்குள் மருமகளாகப் போகப் பார்க்கிறாய். அதை எப்படியாவது உன் தலையிலிருந்து இறக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

நம் வீட்டில் நாண் முறுக்கத் தொடங்கிய கதை உனக்கு மறந்திருக்காது. நீ புத்தளத்தில் அந்த வில்வித்தைக் கழகத்தில் சேர்ந்த புதிதில், பயிற்றுநர் உனக்கு ஒரு பழைய வில்லைத் தந்தனுப்பினார். நாண் பிசிறிப் போயிருந்தது. புதியது கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், அதுவும் அங்கே இருந்தால்தான் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கற்பிட்டியில் வலைக்கடை வைத்திருப்பவனின் மகள் நூலில்லை என்று நிற்பதா? கடையிலிருந்த நைலோனில் ஆக உறுதியானதை எடுத்து, மூன்று பிரியாக முறுக்கி, இரண்டு பக்கமும் வில் நுனியில் மாட்டுவதற்குக் காது வைத்துக் கட்டித் தந்தேன். நீ அம்பைப் பூட்டி இழுத்தாய். வில் வளைவதற்கு முன் நூல் நீண்டது. விட்டாய். அம்பு மனமில்லாமல் எழும்பி, உம்மாவின் கோழிக்கூட்டுக்கு முன்னால் போய்ப் படுத்துவிட்டது. கோழிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. உம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "இந்த அம்பால கோழி சாகாது, பாத்துச் சிரிச்சுத்தான் சாகும்" என்றாள். நீ சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். வலைக்காரனுக்கு நூல் கொஞ்சம் இழுபட வேண்டும், மீன் துள்ளும்போது விட்டுக்கொடுக்காத நூல் அறுந்துவிடும். அந்தப் புத்தியை அப்படியே கொண்டுவந்து வில்லில் கட்டினேன். நாண் இழுபட்டால் வில்லின் பலம் அம்புக்குப் போகாமல் நூலிலேயே தீர்ந்துபோகும் என்று எனக்கு விளங்கப்படுத்தியவள் நீ. அன்றைக்கு உன்னிடம் தோற்றது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு நீயே படித்தாய். யாரோ வெள்ளைக்காரன் நாண் முறுக்குகிற வீடியோவைத் தொலைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாய். நாணுக்கென்றே வருகிற இழுபடாத நூலில் ஒரு கட்டையைப் பயிற்றுநர் மூலம் எடுப்பித்தாய். கடையில் கிடந்த பலகையில் ஆணி அடித்து அளவு குறித்தாய். இழைகளை ஒன்றைவிட ஒன்று சற்றுக் குட்டையாக வெட்டி, கறுப்பில் ஒரு பிரி, சிவப்பில் ஒரு பிரி என்று வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் முறுக்கி, இரண்டையும் எதிர்ப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று போட்டு வந்தாய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது, ஏனென்றால் அது கயிறு திரிக்கிற வேலை, அது எனக்குத் தெரியும். காது பின்னுகிற இடத்தில் மட்டும் முதல் இரண்டு தடவை கை கொடுத்தேன். மற்றதெல்லாம் உன் விரல்தான். தேன்மெழுகு தேடி எலுவன்குளம் வரை மோட்டார் சைக்கிளில் போய் வந்தோம். மெழுகு இழைக்குள் இறங்க வேண்டுமென்று தோல் துண்டால் சூடு பறக்கத் தேய்ப்பாய். முறுக்கி முடித்ததை மாமரக் கொப்பில் தொங்கவிட்டு, உரப்பையில் வலை ஈயக்குண்டுகளைப் போட்டு அடியில் கட்டி, ஒரு பகல் முழுக்க விடுவாய். இழுபட இருக்கிற கொஞ்சமும் அங்கேயே இழுபட்டு முடியட்டும் என்பாய். எங்கள் மாமரம் ஈயம் காய்க்கிறது என்று பக்கத்து வீட்டார் இன்னும் பகிடி பண்ணுகிறார்கள். அம்பு பூட்டுகிற நடுவிடத்தில் மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றுவாயே, அந்தச் சுற்றில் ஒரு இடைவெளி தெரிந்தாலும் முழுவதையும் அவிழ்த்துவிடுவாய். "யாருக்குத் தெரியப் போகுது" என்று நான் ஒருநாள் கேட்டதற்கு நீ என்னைப் பார்த்த பார்வையில், அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்டதே இல்லை.

கழகத்துப் பிள்ளைகளுக்கும் நீதான் நாண் செய்து கொடுத்தாய். உப்பளத்துக்குப் பின்னால் உள்ள வெளியில், கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிற மாதங்களிலும், அந்தப் பிள்ளைகள் உன் நாணில்தான் எய்தார்கள். கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒன்றையே சொல்வாய்: அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதே. அம்பு இருந்தால் வில்லின் பலம் அம்போடு போய்விடும், அம்பு இல்லாவிட்டால் அந்தப் பலம் முழுவதும் திரும்பி வில்லிலேயே அடிக்கும், வில் வெடிக்கும். நம் வீட்டுக்கு வருகிற சின்னப் பிள்ளைகளும் அதைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த பெரியவருக்குச் சொல்லி வைக்கத்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு நீ காலையில் பயிற்சிக்குப் போய்ப் பிந்தி வந்தாய். அவர்கள் வந்து இறங்குகிறார்கள் என்று உம்மா உன்னைப் பிடித்து அறைக்குள் தள்ளிவிட்டாள். நாணைக் கழற்றாமல் வில் முன் ஹோல் சுவரில் அப்படியே தொங்கியது. மாப்பிள்ளையின் பெரிய வாப்பா, வாப்பாவை இழந்த அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த மனிதர், முந்தலில் தென்னங்காணிக்காரர், நல்ல மனிதர்தான். வந்து கதிரையில் உட்கார்ந்து, வட்டிலப்பத்தைப் புகழ்ந்து, நபியவர்கள் காட்டித் தந்த சுன்னத்தான விளையாட்டு இது என்று வில்லையும் புகழ்ந்தார். புகழ்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். எழும்பிப் போய் வில்லை எடுத்து, தானும் சின்ன வயதில் வில்லடித்தவர் என்று சொல்லிக்கொண்டே முழு இழுவை இழுத்தார். அம்பு இல்லை. சம்பந்தம் கதைக்க வந்த மனிதரிடம், அதுவும் ஹாஜியாரிடம், அதை வையுங்கள் என்று எப்படிச் சொல்வது என்று நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து நீ கத்தினாய்.

"விட்டுடாதீங்க, மெதுவாத் திருப்பிக் கொண்டு வாங்க."

பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணின் சத்தத்தை அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் திடுக்கிட்டு உன் பக்கம் திரும்பினார், விரல் நழுவியது. வெடி போட்டது போல ஒரு சத்தம். வில்லின் மேல்பாதி நீளமாகப் பிளந்து, நாண் அதன் நுனியிலிருந்து தெறித்து, அவருடைய காதுக்குக் கீழே சவுக்கால் அடித்தது போல் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டது. நாண் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் அது அறுந்தது என்று நினைத்தார்கள். அந்த நேரத்தில் நான் செய்ததுதான் இவ்வளவுக்கும் வேர். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "பரவாயில்ல ஹாஜியார், நூல் பழசு" என்றேன். நூல் பழசில்லை. முந்தின மாதம் முறுக்கியது. விருந்தாளியின் முகம் கோணக்கூடாது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "வீட்டுல முறுக்கின நூலா?" என்று அவர் கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து நீ, இந்த முறை மெதுவாக, "ஓம், என்ட நூல்தான் சரியில்ல" என்றாய்.

பிறகு வந்த செய்தியும் உனக்குத் தெரியும். பிள்ளை நல்லம், குடும்பம் நல்லம், ஆனால் வீட்டில் செய்த நூலால் மனுசனுடைய கண் போகப் பார்த்தது, அந்த வேலையை இனி விடட்டும் என்றார்கள். நீ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. ஆணியடித்த பலகையைக் கடைக்குக் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, சிலாபத்துக்கு பஸ் ஏறிவிட்டாய், திங்கள் காலையில் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். கதை உன்னைவிட வேகமாகப் பயணம் செய்தது. முந்தலிலிருந்து புத்தளத்துக்கு வந்து, கழகத்துப் பிள்ளைகளின் உம்மாமாரின் காதுக்கும் போய்விட்டது. போன கிழமை ஒரு பெண் கடைக்கு வந்து ஒரு சொப்பிங் பையை மேசையில் வைத்தார். நீ செய்த நாண்கள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, "புள்ளைகள்ட கண் விசயம்தானே" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு இழை பிசிறவில்லை. நான் கடையில் ஆள் இருக்கிறதென்றும் பாராமல் அழுதுவிட்டேன், மகள்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் ஏன் அவ்வளவு விரைவாக வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தொண்ணூறில் எங்கள் ஆட்களையெல்லாம் விரட்டியதில் மன்னாரிலிருந்து இங்கே வந்து இறங்கியபோது நான் மீசை முளைக்காத பொடியன். யாரோ ஒரு புண்ணியவானின் தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தோம். சோறு தந்தார்கள், தண்ணீர் தந்தார்கள், அவர்களும் வசதியானவர்கள் இல்லை. கிணற்றுக் கயிறு அறுந்தால் என் வாப்பா போய், "எங்கட ஆக்களாலதான் அறுந்த" என்று சொல்லிப் புதுக் கயிறு போட்டுக் கொடுப்பார். ஊர் முழுக்க இழுத்துத் தேய்ந்த கயிறு அது. வேலி சரிந்தாலும் நாங்கள்தான், ஆடு செடியைக் கடித்தாலும் நாங்கள்தான். இடம் தந்தவர்களோடு நியாயம் கதைக்க முடியாது என்று அவர் நினைத்தார். அந்தக் காலத்துக்கு அது சரியாகவும் இருந்திருக்கலாம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நமக்கென்று காணி, வீடு, கடை எல்லாம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. சண்டை வருமென்று தெரிந்தால் யாரும் கேட்பதற்கு முன்பே பிழையை எடுத்து என் மடியில் போட்டுக்கொள்வேன். உம்மா எத்தனை தடவை இதற்காக என்னோடு கொழுவியிருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். என் மடியில் போட்டுக்கொண்டால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு நான் எடுத்துப் போட்டது உன் மடியில். நான் பொய்யனாகிவிடக் கூடாது என்றுதான் நீ ஓம் என்றாய். அதை நான் அப்போதே விளங்கிக்கொள்ளவில்லை.

விளங்க வைத்தவன் அந்த மாப்பிள்ளைப் பிள்ளைதான். செவ்வாய்க்கிழமை அவன் கடைக்கு வந்தான். இறால் பண்ணையில் காற்றடிக்கிற மெசினைக் கட்டக் கயிறு வேண்டுமாம். முந்தலில் கயிறு விற்காதது போல கற்பிட்டிக்கு வந்திருக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கயிற்றை வெட்டிக் கொடுத்தேன், அவன் போகவில்லை. கொஞ்ச நேரம் தூண்டில் முள்ளெல்லாம் விலை கேட்டான். கடைசியில் அன்றைக்கு அறுந்த அந்த நூலைப் பார்க்கலாமா என்று கேட்டான். மேசை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு காதிலிருந்து மறு காது வரை விரலால் உருவிக்கொண்டு போனான். நடுச்சுற்றை நகத்தால் தடவினான். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மாமா, இது எங்கயும் அறல்லயே. அப்ப அவ ஏன் தன்ட நூல் சரியில்ல எண்டா?"

அவன் குற்றம் சாட்டுகிறது போலக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டான். நான் பொய் சொன்னேன், என் மகள் என்னைக் காப்பாற்றினாள் என்று சொன்னேன். அவன் முகத்தில் கோபம் இல்லை, கவலை இருந்தது. "நாளைக்கு என்ட பிழையையும் இப்பிடித்தான் அவ எடுப்பாவோ?" என்றான். பதிலை உன் வாயால் கேட்க வேண்டும் என்றான், அவசரமில்லை என்றும் சொன்னான். பெரிய வாப்பாவிடம் தானே சொல்லிவிடவா என்று கேட்டான். வேண்டாம், அதை என்னிடம் விடு என்றேன். கயிற்றை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

மகள், கலியாணத்தில் எவ்வளவோ விட்டுக்கொடுக்க வேண்டி வரும். உன் உம்மாவுக்குக் கடற்கரையை அண்டி வீடு பிடிக்காது, எனக்காக இருக்கிறாள். எனக்கு மரக்கறி பிடிக்காது, அவளுக்காகத் தின்கிறேன். நேரத்தை விட்டுக்கொடு, தூக்கத்தை விட்டுக்கொடு, சில நாட்களில் வில்லையும் சுவரில் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்க வேண்டி வரும், வரட்டும். அதெல்லாம் கொடுத்தவளுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். நடந்ததை நடக்கவில்லை என்றும், நல்லதைப் பழுது என்றும் சொல்வது அந்தக் கணக்கில் சேராது. வாங்குகிறவனுக்கு ஒன்று கிடைத்தது என்றே தெரியாது, உனக்கு மட்டும் உள்ளே வலித்துக்கொண்டிருக்கும். நான் அப்படி வாழ்ந்து பார்த்தவன், அதில் சமாதானம் இல்லை.

இன்னொன்றும் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. நிக்காஹ் அன்று பள்ளிவாசலுக்கு நீ வரப்போவதில்லை, நீ வீட்டில் இருப்பாய். உன் வலீயாக, உன்னைக் கொடுக்கிற பொறுப்பாளியாக, உட்காரப்போகிறவன் நான். உனக்காக வாய் திறப்பவனும் நான், கையெழுத்துப் போடுபவனும் நான். சபைக்கு முன்னால் உன் பெயரில் ஒரு சொல் சொல்லப்போகிறவன், உன் பெயரில் ஏற்கனவே ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறான். அந்த வாயோடு பள்ளிவாசலுக்குப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் இன்று காலை வெடித்த வில்லையும் அந்த நாணையும் ஒரு பையில் சுற்றிக்கொண்டு முந்தலுக்கு பஸ் ஏறினேன். உம்மாவிடமும் சொல்லவில்லை, சொன்னால் கூட வந்திருப்பாள்.

பெரியவர் காணியில் தேங்காய் உரிப்பித்துக்கொண்டிருந்தார். கதிரை போடச் சொன்னார். நான் உட்காராமலே, மறந்துபோகிறதற்கு முன் சொல்லிவிட வேண்டுமென்று பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "ஹாஜியார், நூல் அறல்ல. நீங்க அம்பில்லாம விட்டீங்க, அதாலதான் வில்லு வெடிச்ச. நூல் பழசெண்டு நான் சொன்னது பொய். என்ட மகள் எனக்காகத்தான் அதுக்கு ஓம் எண்டா." உரிக்கிற ஆள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். பெரியவர் நாணை வாங்கி, பிளந்த வில்லின் நுனியில் காதை மாட்டிப் பார்த்தார், கழற்றினார், திரும்பவும் மாட்டினார். அவருடைய முகம் கறுத்துத்தான் இருந்தது. தன் இடத்தில், தன் வேலையாளுக்கு முன்னால் பிழை என்று சொல்லப்பட்டால் யாருக்குத்தான் இனிக்கும்? சம்பந்தம் இத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். உன் முகம் கண் முன்னால் வந்தது. அந்தப் பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், மகள். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

பிறகு அவர் காதுக்குக் கீழே இருந்த தழும்பைத் தடவினார். இப்போது அது மங்கிப் பழுப்பாகக் கிடக்கிறது.

"புள்ள கத்தினதும் நான் அந்தப் பக்கம் திரும்பினன். திரும்பாம இருந்தா இது எங்க பட்டிருக்கும்?"

"கண்ணில, ஹாஜியார். ஆபத்தக் கண்டா எங்கட மகள் கத்துவா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார். இரண்டு பேரும் குடித்தோம். புறப்படும்போது, "பாப்பம், வீட்டில கதைச்சுச் சொல்றன்" என்றார். ரோட்டு வரை வந்து பஸ்ஸை மறித்துத் தந்தார்.

இதை எழுதி முடிக்கும்வரை அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. வருவதற்கு முன்பே உனக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறேன். நல்ல பதில் வந்த பிறகு அனுப்பினால், எல்லாம் சரியான பிறகு வாப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நீ நினைப்பாய். வேண்டாம் என்று வந்தால் அழு. நான் பக்கத்தில் இருப்பேன், நானும் அழுவேன். ஆனால் அப்போதும் உன் நூலையோ உன் சத்தத்தையோ நீ குறை சொல்லக்கூடாது, குறை சொல்ல வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். ஓம் என்று வந்தால் நீ போகிற வீட்டில் உன்னைப் பற்றி ஒன்று ஏற்கனவே தெரிந்திருக்கும். ஆபத்தைக் கண்டால் எங்கள் மகள் கத்துவாள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். இனி நீ மெதுவாகக் கதைக்க வேண்டியதில்லை.

உன் வாப்பா